போட்டோ எடுக்கச் சொன்னது யார்?

குழந்தைகளின் படங்களை வாட்ஸ்அப்பில் பகிராதீர்கள் என்று அங்கன்வாடி டீச்சர்களுக்கு வகுப்பெடுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. சொல்கிற விஷயம் சரிதான். சொல்லப்படும் ஆள்தான் மாறிப்போயிருக்கிறது. போன வருடக் கடைசியில் ஒரு பயிற்சிக் கூட்டத்துக்குச் சித்தியை பைக்கில் கூட்டிக்கொண்டு போனதிலிருந்து இந்த எண்ணம் மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. சித்தி கோபி பக்கம் ஒரு கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளர். ஊரில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். கூட்டம் முடிய மத்தியானம் ஆகும், திரும்பவும் நான்தான் கூட்டிப்போக வேண்டும் என்பதால் கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன்.

பேச வந்தவர் சின்ன வயசுப் பையன், நன்றாகவே பேசினார். பாஸ்வேர்டு, தெரியாத லிங்க், போலி கஸ்டமர் கேர் எண், எல்லாம் வந்தது. கடைசியில் குழந்தைகளின் தகவல் பாதுகாப்புக்கு வந்தார். 2023-இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பெற்றோர் சம்மதம் இல்லாமல் குழந்தையின் தகவலைக் கையாண்டால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் என்றார். கூடத்தில் ஒரு சலசலப்பு. அங்கே இருந்தவர்களின் மதிப்பூதியத்துக்கு மத்திய அரசு நிர்ணயித்த தொகை 2018-இல் உயர்த்தப்பட்ட பிறகும் மாதம் 4,500 ரூபாய். மாநிலம் அதற்கு மேலும் சேர்த்துத் தருகிறது. அந்தக் கூட்டத்தில் 200 கோடி என்ற எண் பயத்தையும் தாண்டி வேடிக்கையாகிவிட்டது. அப்போதுதான் நடு வரிசையிலிருந்து ஓய்வு வயதை நெருங்கிய ஒரு அம்மா எழுந்தார். "ஏனுங் சார், போட்டோ அனுப்பக் கூடாதுங்கறீங்க. அனுப்பலீன்னா பத்து மணிக்கு குரூப்புல பேரைப் போட்டுக் கேக்கறாங்களே, அதுக்கு என்ன பண்றதுங்க?" சிரிப்பு அடங்கியதும் பேச வந்தவர் சொன்ன பதில்: "அது நிர்வாக விஷயம்ங்கம்மா, அதை நான் பேச முடியாது." டீ வந்துவிட்டது. இரண்டு பக்கம் அச்சடித்த அறிவுரைத் தாளை ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு கலைந்தார்கள்.

குழந்தையின் முகம், டீச்சரின் வருகைப் பதிவேடு

அங்கன்வாடியில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. மையம் திறந்ததற்கு ஒரு படம். பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதற்கு ஒரு படம். சாப்பாட்டுத் தட்டோடு ஒரு படம், முட்டை நாள் என்றால் முட்டையும் கையுமாக. எடை பார்க்கும் நாளில் எடைமெஷின் மேல் நிற்கும் குழந்தை. செப்டம்பரில் ஊட்டச்சத்து மாதம் வந்துவிட்டால் கோலம், பேரணி, காய்கறிக் கண்காட்சி என்று படத்துக்குப் பஞ்சமே இல்லை. இவை முதலில் ஒரு குரூப்புக்குப் போகும். அங்கிருந்து இன்னொரு குரூப். அதிலிருந்து நல்லதாக நாலைப் பொறுக்கி யாரோ ஒருவர் முகநூல் பக்கத்தில் போடுவார். பிள்ளைகள் மேல் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. சொல்லப்போனால் பிள்ளைகளைப் பற்றிய எண்ணமே யாருக்கும் இல்லை. படம் கேட்கப்படுவது டீச்சர் வேலைக்கு வந்தாரா, சமைத்தாரா, சமைத்ததைப் போட்டாரா என்பதற்குச் சாட்சியாக. மூன்று வயதுக் குழந்தையின் முகம் ஒரு பெண்ணின் வருகைப் பதிவேடாகியிருக்கிறது.

வெறும் படமும் போதாது, ஜிபிஎஸ் மேப் கேமராவில் எடுக்க வேண்டும். களப்பணியில் இருக்கும் யாரிடம் கேட்டாலும் அந்தச் செயலியைத் தெரியும். படத்தின் அடியில் ஊர்ப் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நிமிடம் வரைக்கும் நேரம், மூலையில் ஒரு குட்டி வரைபடம். சாதாரணமாக போனில் எடுத்த படத்துக்குள் இருப்பிடம் மறைவாகப் பதிந்திருந்தாலும், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அந்த மறைவுத் தகவல் உதிர்ந்துவிடும். இந்த முத்திரை அப்படி உதிராது. படத்தோடு படமாக ஒட்டிக்கொண்டு போகும். ஒரு குழந்தை எப்படி இருக்கும், எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில், எத்தனை மணிக்கு இருக்கும் என்பதை ஒரே சதுரத்தில் அடக்கித் தருவதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது.

1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் தகவல் சேகரிப்பு எப்போதும் இருந்ததுதான். எந்த வீட்டில் யார் கர்ப்பம், எந்தப் பிள்ளை எடை குறைவு, எந்த வீட்டில் கைப்பிள்ளை இறந்தது எல்லாம் டீச்சரின் பதிவேட்டில் இருக்கும். சித்தி பதினொரு பதிவேடுகளை எழுதிய தலைமுறை. ஆனால் அவை இருந்தது மையத்து இரும்பு பீரோவில். பார்க்க வேண்டுமென்றால் அந்த ஊருக்கு வந்து, அந்த அம்மாவிடம் சாவி கேட்டு, உட்கார்ந்து புரட்ட வேண்டும். வருகிறவர் யார் என்று சித்தி ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்திருப்பார். 2021-இல் இதையெல்லாம் போனிலேயே பதியச் சொல்லும் மத்திய அரசின் செயலி, போஷன் ட்ராக்கர் வந்தது. பீரோ காலியானது. ஏறிட்டுப் பார்ப்பதும் அதோடு போயிற்று.

வாசலில் நின்ற பைக்

சித்தியின் மையத்தில் ஒரு பெண்குழந்தை. அம்மாக்காரி குடிகாரக் கணவனின் அடி தாங்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார். தாய்வீட்டுக்குப் போனால் அங்கேதான் முதலில் தேடி வருவான் என்று இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாராம். மையத்தில் சேர்க்கும்போது சித்தியிடம் சொன்ன ஒரே வார்த்தை, "யாராச்சும் வந்து கேட்டா இங்க இல்லைன்னு சொல்லிருங்கக்கா." சித்தியும் சொல்லத் தயாராகத்தான் இருந்தார்.

யாரும் வந்து கேட்கவில்லை. ஊட்டச்சத்து மாத விழாவில் அந்தக் குழந்தைக்கு கேரட் வேஷம். நன்றாக இருந்ததால் படம் குரூப் குரூப்பாக ஏறி எங்கோ ஒரு பொதுப் பக்கத்தில் வந்துவிட்டது, அடியில் ஊர்ப் பெயரோடு. யாரோ உறவுக்காரர் பார்த்து, 'உம் புள்ளையாட்டம் இருக்குது' என்று அனுப்பியிருக்கிறார். ஒரு நாள் மையத்து வாசலில் அவன் பைக்கை நிறுத்திவிட்டு நின்றான். உள்ளே வரவில்லை, சத்தம் போடவில்லை. சித்தி கதவைச் சாத்திவிட்டு ஆயாவை விட்டு அம்மாக்காரிக்குத் தகவல் சொன்னார். பக்கத்துத் தறிக்குடோனிலிருந்து ரெண்டு பேர் வந்து நின்றதும் அவன் கிளம்பிப் போனான். அந்த வாரமே அந்தப் பெண் பிள்ளையோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். எங்கே என்று சித்தியிடம் சொல்லவில்லை. சொல்லாததுதான் சரி என்று சித்தியும் சொல்கிறார், சொல்லும்போது முகம் ஒரு மாதிரி ஆகிறது.

எனக்கு ஆறாமல் இருப்பது அதற்குப் பிறகு நடந்தது. விஷயம் மேலே போனதும் வந்த முதல் கேள்வி, "போட்டோ எடுத்தது யாரு?" சித்தியிடம் விளக்கம் கேட்டு மெமோ. படத்தை எடுத்தவர் அவர்தான், அதில் பொய் இல்லை. எடுக்கச் சொன்னவர், இருப்பிட முத்திரை வேண்டும் என்றவர், மேல் குரூப்புக்குத் தள்ளியவர், பொதுப் பக்கத்தில் ஏற்றியவர் யாரும் அந்த மெமோவில் இல்லை. பயிற்சிக் கூட்டத்து அறிவுரைத் தாளிலும் அவர்கள் இல்லை. இரண்டு காகிதங்களும் ஒரே ஆளைப் பார்த்துத்தான் பேசுகின்றன.

சித்தி அந்த மெமோவுக்குப் பதில் எழுத உதவி கேட்டபோதுதான் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் அந்த 200 கோடி யார் தலையில் விழும் என்பது வக்கீல் இல்லாமலே புரிகிற மாதிரித்தான் எழுதியிருக்கிறார்கள். எந்த நோக்கத்துக்காக, எந்த வழியில் தகவல் கையாளப்பட வேண்டும் என்று தீர்மானிக்கிறவரே பொறுப்பாளி. அவருக்காக, அவர் சொல்படி இன்னொருவர் கையாண்டாலும் பொறுப்பு அவருடையதே. பத்து மணிக்குள் படம் வேண்டும் என்று தீர்மானித்தது சித்தி இல்லை. எந்தச் செயலியில் எடுக்க வேண்டும் என்றும் அவர் தீர்மானிக்கவில்லை. கூட்டத்தில் அந்தத் தம்பி சித்தியையும் அவர் சகாக்களையும் பார்த்து நீட்டிய விரல், சட்டத்தின்படி வேறு திசையில் நீட்டப்பட வேண்டியது. இன்னொன்று, அந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. பெரும்பாலான கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும். பயமுறுத்துவதற்கு மட்டும் முன்கூட்டியே வந்துவிட்டது.

அரசுக்கு இந்தச் சட்டத்தில் நிறையவே இடம் விட்டிருக்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். மானியம், உதவி, நலத்திட்டம் என்று வரும்போது பல தகவல்களை சம்மதம் கேட்காமலே அரசு கையாளலாம். ஆனால் அப்படிக் கையாளும்போதுகூட தேவையான அளவுக்கு மட்டும், தேவையான காலத்துக்கு மட்டும் என்று விதிகளில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். கேரட் வேஷம் போட்ட பிள்ளையின் இருப்பிடம் எந்த நலத்திட்டத்துக்குத் தேவை?

ஓடிபி சொல்லாதே, ஓடிபி சொல்லு

அறிவுரைத் தாளில் தடித்த எழுத்தில் இருந்த வரி: ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது என்று தாய்மார்களுக்கு அறிவுறுத்தவும். இதைப் படித்துவிட்டு சித்தி என்னைப் பார்த்துச் சிரித்தார். 2025 ஜூலை 1 முதல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவுக்கு முகப்பதிவு கட்டாயம் என்று நாடு முழுவதும் கொண்டுவந்தார்கள். முதலில் ஆதார் சரிபார்ப்பு, அதற்கு அந்தத் தாயின் போனுக்கு ஓடிபி வரும், அதை வாங்கி டீச்சர் தன் போனில் போட வேண்டும். பிறகு மாவு வாங்க வரும்போது முகத்தைக் காட்டி கண்ணைச் சிமிட்ட வேண்டும். ஆதாரில் இணைத்த எண் கணவனிடம் இருக்கும், அவன் திருப்பூரில் ஷிப்ட்டில் இருப்பான். "போன் பண்ணி, நெம்பர் வந்திருக்கும் சொல்லுங்க தம்பின்னு கேக்கறேன் கண்ணு. இதே வாயில யாருக்கும் சொல்லாதீங்கன்னும் சொல்றேன். அவங்க எதைக் கேப்பாங்க?"

மோசடிக்காரர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அங்கன்வாடியிலிருந்து பேசுகிறோம், பிரசவ உதவித்தொகை வந்திருக்கிறது, ஒரு நெம்பர் வரும் சொல்லுங்கள் என்று சித்தியின் மையத்தில் பதிந்த ஒரு பெண்ணுக்கு அழைப்பு வந்தது. பிள்ளை பிறந்து எத்தனை மாசம் என்றும் சரியாகச் சொன்னார்களாம். அந்தப் பெண் சொல்லிவிட்டார். கணக்கில் இருந்தது போயிற்று. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுக்க வைத்தது சித்திதான், ஆனால் அந்த வீட்டுக்காரர்கள் இன்றுவரை சித்தியிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தகவல் எங்கிருந்து கசிந்தது என்று யாருக்கும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்த முகம் இவர் ஒருவர்தான். சித்தியின் சொந்த எண் மையத்துச் சுவரில் பெயின்டில் எழுதியிருக்கிறது. இரவு பத்து மணிக்கும் யாராவது கூப்பிடுவார்கள், குடித்துவிட்டுக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவளின் பாதுகாப்பு என்று ஒரு வரிகூட அந்தத் தாளில் இல்லை.

காசு கொடுக்கும் பெற்றோரும் இதையே கேட்கிறார்கள்

இது அரசு சமாச்சாரம், தனியாரில் இப்படி இருக்காது என்று நினைத்தால் திருப்பூரில் டேகேர் நடத்தும் என் சிநேகிதியிடம் பேசிப் பார்க்க வேண்டும். அங்கே மேலதிகாரிக்குப் பதிலாகப் பெற்றோர். பிள்ளை சாப்பிட்டதா, தூங்கியதா, எழுந்ததா, எல்லாவற்றுக்கும் படம். ஒரு நாள் படம் வராவிட்டால் என்ன ஆச்சு என்று பதறிப்போய் அழைப்பு. இதில் அந்தத் தாய்மாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எட்டு மாதப் பிள்ளையை விட்டுவிட்டு மெர்ச்சன்டைசிங் சீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு அந்தப் படம்தான் மூச்சு. 2017-இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது, தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை நேரில் போய்ப் பார்க்கலாம் என்றது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. அந்த நான்கு முறையை யாராவது உண்மையிலேயே கொடுத்தால் பாதிப் படத்துக்குத் தேவையே இருக்காது. கொடுப்பதில்லை, அதனால் கேமரா வருகிறது.

கேமரா என்றதும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். காப்பகத்தில் சிசிடிவி இருப்பது எனக்குச் சம்மதம். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளும் காப்பகத்துக்கு அந்த இடத்தைக் கொடுக்கின்றன: குழந்தைகளின் பாதுகாப்புக்காக, அந்த அளவுக்கு மட்டும், கண்காணிக்கலாம். ஆனால் அதை அத்தனை பெற்றோரின் போனிலும் நேரலையாக ஓடவிடுவது வேறு. என் பிள்ளையைப் பார்க்க நான் திறக்கும் ஜன்னல் வழியாக மற்ற இருபது பிள்ளைகளும் தெரிகிறார்கள், உடை மாற்றும்போதும். அந்தப் போன் ஆபீஸில் மேஜை மேல் கிடக்கிறது, மாமாவின் கையில் இருக்கிறது, மச்சானின் கையில் இருக்கிறது. நேரலை வசதி உண்டு என்று விளம்பரம் செய்யும் காப்பகத்தில் என் பிள்ளையை நான் சேர்க்க மாட்டேன்.

நல்ல செயலி வாங்கினால் சரியாகிவிடும் என்கிறவர்களுக்கு லண்டன் கதை இருக்கிறது. 2025 செப்டம்பரில் கிடோ என்ற மழலையர் காப்பகத் தொடரிலிருந்து சுமார் 8,000 குழந்தைகளின் படம், பெயர், வீட்டு முகவரியைத் திருடிவிட்டார்கள். சில குழந்தைகளின் விவரத்தை இணையத்தின் மறைவான பகுதியான டார்க் வெப்பில் போட்டுக் காட்டிப் பணம் கேட்டார்கள். பெற்றோர்களுக்கே போன் செய்து மிரட்டினார்கள். ஊரே கொதித்த பிறகு படங்களை எடுத்துவிட்டார்கள். அக்டோபரில் சந்தேகத்தின் பேரில் பிடிபட்டவர்கள் 17 வயதுப் பையன்கள் இருவர். அவ்வளவு வசதியுள்ள காப்பகத்தில், பெற்றோர் கேட்டுக் கேட்டுச் சேர்ந்த படங்கள் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன.

சிநேகிதி அதைப் படித்த பிறகு சிலதை மாற்றினாள். பெற்றோர் குரூப்பைக் கலைத்துவிட்டு, வாட்ஸ்அப் கம்யூனிட்டியில் அறிவிப்பு மட்டும் போகிற மாதிரி வைத்தாள். அதில் ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. ஒரு பிள்ளையின் அப்பா இன்னொரு பிள்ளையின் அம்மாவுக்கு 'குட் மார்னிங்' அனுப்பிக்கொண்டிருந்த தொல்லை அதோடு ஒழிந்தது. படம் அந்தந்தப் பிள்ளையின் பெற்றோருக்கு மட்டும் தனியாக. எடுப்பது காப்பகத்து போனில். பணிப்பெண்கள் தங்கள் போனை உள்ளே வரும்போது ரேக்கில் வைத்துவிட வேண்டும். முதலில் அவர்களுக்கு அது அவமானமாக இருந்தது. உங்கள் மேல் நாளைக்கு யாரும் பழி போடக் கூடாது என்பதற்காகத்தான் என்று சொல்லி, தன் போனையும் அதே ரேக்கில் வைத்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். வாரக் கடைசியில் எல்லாப் படமும் அழிக்கப்படும். இரண்டு குடும்பங்கள் இதனாலேயே பிள்ளையை வேறு காப்பகத்துக்கு மாற்றிவிட்டன, நேரலை உள்ள இடத்துக்கு.

அவளால் இதைச் செய்ய முடிந்தது, ஏனென்றால் முதலாளி அவள். சித்தியால் குரூப்பைக் கலைக்க முடியாது. அவர் போனும் மையத்து போனும் ஒன்றுதான். துறை கொடுத்த போன் திணறியதும் சொந்தப் போனுக்கு மாறினார், அதில் பேத்தி பிறந்த படத்தைத் தேட வேண்டுமென்றால் ஊர்ப் பிள்ளைகளின் சாப்பாட்டுத் தட்டுகளைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அழித்துவிடலாமே என்றால், "ஆடிட்ல கேட்டா?" என்கிறார். எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று யாரும் எழுத்தில் கொடுத்ததில்லை.

ஆனாலும் ஒன்று செய்தார். இப்போதெல்லாம் பிள்ளைகளைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, முதுகுப் பக்கமிருந்து படம் எடுக்கிறார். தட்டு தெரியும், முட்டை தெரியும், தலைகளை எண்ணிக்கொள்ளலாம். முதல் நாளே மேற்பார்வையாளரிடமிருந்து அழைப்பு, "முகம் தெரியலீங்களே டீச்சர்." சித்தி, "முட்டை தெரியுதுங்களே மேடம்" என்றிருக்கிறார். அந்த மேடமும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, சரி, யாராவது கேட்டால் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். அவருக்கும் மேலே ஒருவர் பத்து மணிக்குக் கேட்கிறார் என்பது சித்திக்கும் தெரியும்.

மெமோவுக்குப் பதில் கொடுத்தோம். படம் எந்த உத்தரவின் பேரில் எடுக்கப்பட்டது, எந்தக் குரூப்பில் கேட்கப்பட்டது என்று தேதியோடு எழுதி, கடைசியில் மூன்று விஷயம் கேட்டிருக்கிறோம். முகம் தெரியாத படம் போதும் என்று எழுத்தில் ஓர் உத்தரவு. பிள்ளைகள் இருக்கும் படத்தில் இருப்பிட முத்திரை வேண்டாம் என்பது. எத்தனை நாளில் அழிக்கலாம் என்பது. அதே கடிதத்தைப் பக்கத்து மையத்து டீச்சர்களும் நகலெடுத்துச் சங்கத்தில் கொடுத்திருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. எழுத்தில் உத்தரவு போட்டால் போட்டவர் பெயர் அதில் இருக்கும், அதனால் வராது என்கிறார் சித்தி.